பி0171 என்று வந்தால் எதைக் கழற்றுவது?



டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சின்ன இன்ஜின் படம் எரிகிறது. வண்டியோ நன்றாகத்தான் ஓடுகிறது. சத்தமில்லை, புகையில்லை, பிக்கப்பும் குறையவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, ‘ஆக்சிஜன் சென்சார் போயிருக்கு சார்’ என்கிறார்கள். சென்சாரை மாற்றி பில்லும் கட்டியாகிறது. சில நாளில் மறுபடியும் அதே விளக்கு, அதே எரர் கோட். இந்த முறை ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால், ‘இசிஎம்மையே மாத்திப் பார்க்கலாம் சார்’ என்ற யோசனை வருகிறது. கார் வைத்திருக்கும் பலருக்கு இந்த வரிசை பழக்கமானதுதான்.

மெக்கானிக்கின் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் அது உண்மையில்லை. ஸ்கேனரில் வரும் குறியீட்டை ஓர் உதிரிப்பாகத்தின் பெயராகப் படித்துவிடுகிறோம்; செலவு அங்கேதான் தொடங்குகிறது. இசிஎம் என்கிற, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் ஓயாமல் சில சோதனைகளைச் செய்துகொண்டிருக்கிறது. அவற்றில் எது தேறவில்லை என்று மட்டும்தான் அது எழுதி வைக்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அதற்குத் தெரியாது. தேறாத சோதனைக்கும் கெட்டுப்போன பாகத்துக்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. அளந்து பார்க்கிற வேலை. அந்த வேலைக்கு நம் ஊரில் உரிய மரியாதை இல்லை, உரிய கூலியும் இல்லை.

முதலில் இந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அது ஓட்டுநரின் வசதிக்காகப் பிறந்ததல்ல, ஊர்க் காற்றுக்காகப் பிறந்தது. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மேல் ஒரு மூட்டம் கவிந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க் காலம் என்பதால், எதிரிகள் இரசாயனக் குண்டு வீசிவிட்டார்களோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார், நெதர்லாந்திலிருந்து வந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். மணத்தைப் பிரித்தறியும் அதே முறையை நகரத்துக் காற்றின் மேல் பயன்படுத்திப் பார்த்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். கலிஃபோர்னியா காற்று வள வாரியம் 1967இல் சட்டத்தால் உருவாக்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானவரும் அவர்தான்.

கார்களுக்குப் புகை வரம்பு விதித்த வாரியத்துக்குச் சீக்கிரமே ஒரு சிக்கல் புரிந்தது. ஷோரூமை விட்டுப் புறப்படும் நாளில் கார் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் ஒரு சென்சார் சோர்ந்து போனால் அதே கார் பல மடங்கு நச்சைக் கக்கும், உரிமையாளருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் காரே தன்னைச் சோதித்து, குறை கண்டால் விளக்கைப் போட்டுச் சொல்ல வேண்டும் என்று 1988 மாடல் முதல் கலிஃபோர்னியா விதி செய்தது. அதுவரை, அதற்குப் பிறகும் சில காலம், ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி பிளக், தனித்தனி எண்கள். ஜெனரல் மோட்டார்ஸ் காரில் இரண்டு பின்களை ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று உட்கார்ந்து எண்ணுவார்கள். ஒரு சிமிட்டல், சற்று இடைவெளி, பிறகு இரண்டு சிமிட்டல் என்றால் 12.

1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவப் பிளக்கும் ஒரே பொதுக் குறியீட்டு முறையும் கட்டாயமாயின. ஓபிடி-2 என்று நாம் சொல்வது இதைத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின்களோடு இருக்கும் அந்தச் சாக்கெட் இன்று உலகம் முழுக்க ஒன்றே. இந்தியாவில் பிஎஸ்-4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2010 ஏப்ரலில் இதன் முதல் கட்டம் வந்தது, 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் பைக்கும் ஸ்கூட்டரும்கூட இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வதில் ஒரு நேரடிப் பயன் உண்டு. விளக்கு எதற்கு எரியும், எதற்கு எரியாது என்பது இதில்தான் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி, பெரும்பாலான சோதனைகளில், ஒரு பாகம் கெடுவதால் புகையின் நச்சு அனுமதித்த அளவைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டும் என்றால் விளக்கு எரிய வேண்டும். பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினாலும் இந்த விளக்குக்கு அக்கறையில்லை. கிளட்ச் நழுவினாலும் இல்லை. ஆனால் அங்கே பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால் எரிந்துவிடும். பெட்ரோல் ஆவி வெளியேறும் வழியில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலே கண்டுபிடிக்க வேண்டும் என்பது விதி. பி0442 என்ற குறியீடு அந்த அளவு கசிவுக்கு உரியது. ஆகவே விளக்கு எரியாத வண்டி நல்ல வண்டி என்று நினைக்க வேண்டாம். விளக்கு எரிந்ததும் இன்ஜின் போச்சு என்றும் கலங்க வேண்டாம்.

குறியீட்டைப் படிப்பது கடினமில்லை. ஓர் எழுத்து, நான்கு இலக்கம். எழுத்து, வண்டியின் எந்தப் பகுதி என்று சொல்கிறது: இன்ஜினும் கியர்பாக்ஸும், பாடி, சேசிஸ், கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும் நெட்வொர்க் என நான்கு பகுதிகள். இன்று பேசப்போகிற ‘பி’ எல்லாமே இன்ஜின் பக்கத்தைச் சேர்ந்தவை. முதல் இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பொருள். 1 என்றால் அந்தக் கம்பெனி தனக்கென வைத்துக்கொண்டது. இரண்டாவது இலக்கத்தில் 1, 2 காற்றும் எரிபொருளும். 3 இக்னிஷனும் மிஸ்ஃபயரும். 4 புகைக் கட்டுப்பாடு. பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று பொருள்.

பெரும்பாலான குறைகளுக்கு விளக்கு முதல் தடவையே எரிவதில்லை. ஒரு ஓட்டத்தில் சோதனை தேறாவிட்டால், கம்ப்யூட்டர் அதை நிலுவையில் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் தேறாவிட்டால்தான் விளக்கு. அப்போது இன்னொரு காரியமும் செய்கிறது. அந்தக் கணத்தில் வண்டியின் வேகம், இன்ஜின் சுழற்சி, கூலண்ட் வெப்பம், இன்ஜின் மேல் இருந்த சுமை, எரிபொருள் திருத்தம் ஆகியவற்றை அப்படியே பதிந்து வைக்கிறது. இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். மலிவான ஸ்கேனரிலும் இதைப் பார்க்க முடியும். ஆனால் பலரும் குறியீட்டைப் பார்த்த கையோடு ‘அழி’ பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். குறை எப்போது வந்தது, குளிர்ந்த இன்ஜினிலா, மேட்டில் ஏறும்போதா, சிக்னலில் நின்றபோதா என்பதற்கு இருந்த ஒரே சாட்சியம் அதோடு போய்விடுகிறது.

சரி, பி0171க்கு வருவோம். ‘கலவை மெலிந்திருக்கிறது, முதல் வரிசை’ என்பது அதன் பொருள். பெட்ரோல் இன்ஜினில் ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று சைலன்சர் வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்கிறது. மிச்சமிருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது, இல்லையென்றால் குறைக்கிறது. இந்தக் கூட்டல் கழித்தலின் சதவீதம்தான் ஃப்யூல் டிரிம். நல்ல இன்ஜினில் இது பூஜ்யத்தை ஒட்டி, பத்துக்குள் ஏறி இறங்கும். 20, 25 என்று கூட்டியும் போதவில்லை என்றால், ‘என்னால் முடிந்தவரை கூட்டிவிட்டேன், இன்னும் பெட்ரோல் போதவில்லை’ என்று கம்ப்யூட்டர் கை விரிக்கிறது. அதுதான் பி0171.

இங்கே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர், சரியாகச் சாட்சி சொன்னவரையே தண்டிக்கிறார். காற்று மிஞ்சியிருப்பதைப் பார்த்துச் சொன்னதே அந்த சென்சார்தான். அது கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் சந்தேகப் பட்டியலில் அதன் இடம் கடைசிப் பக்கத்தில்.

அப்படியானால் எங்கே தேடுவது? ஏர் ஃப்ளோ சென்சார் வைத்த ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, இன்ஜின் சூடானபின் ஐடிலிங்கில் நீண்டகால டிரிமைப் பார்க்கிறார் ஒரு மெக்கானிக்: கூட்டல் 22. ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தி 2,500 சுழற்சியில் நிறுத்தி, சிறிது நேரம் காத்திருக்கிறார். எண் இறங்குகிறது: கூட்டல் 5. ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல் தேடும் இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, அதற்குப் பின்னால் மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை அதிகம். எங்காவது ஒரு விரிசல் இருந்தால், சென்சாரின் கணக்கில் வராத காற்று அந்த வழியே உள்ளே போகும். ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்றே குறைவு என்பதால் இந்தத் திருட்டுக் காற்று அதில் பெரும் பங்காகிவிடுகிறது. த்ராட்டிலைத் திறந்தால் முறையான காற்று வெள்ளமாக வருகிறது, திருட்டுக் காற்றின் பங்கு சிறுத்துப்போகிறது. எண் இறங்கியது இதனால்தான். இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் எண் சாதாரணமாக இருந்து, மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் கூடுகிறது என்றால் காற்றுக் கசிவை விட்டுவிட வேண்டும். பெட்ரோல் பம்ப், ஃபில்ட்டர், அடைத்த இன்ஜெக்டர், அழுக்கேறிக் குறைவாக அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

நம் மெக்கானிக் கசிவின் பக்கம் போகிறார். ஏர் ஃபில்ட்டர் பெட்டியிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் ஹோஸை மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையை அடியில் கொடுத்து, மடிப்புகளை விரித்துப் பிடித்து, விரலால் தடவ வேண்டும். சூட்டிலும் ஆயிலிலும் வருடக்கணக்கில் ஊறிய ரப்பர் பெரும்பாலும் மடிப்பின் அடிப்பள்ளத்தில்தான் கீறுகிறது. இன்ஜின் ஆடும்போது அந்தக் கீறல் வாய் திறக்கும், நின்றதும் மூடிக்கொள்ளும். கண்ணுக்குச் சிக்காவிட்டால் ஸ்மோக் மெஷின் உண்டு. மிகக் குறைந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் புகையை உள்ளே செலுத்தினால், கசியும் இடத்தில் நூல் போல வெளியே வரும். மெஷின் இல்லாத இடங்களில் கார்ப் கிளீனரைத் துளித்துளியாக அடித்து, எந்த இடத்தில் அடித்தால் இன்ஜின் சத்தம் மாறுகிறது என்று கேட்பார்கள். சைலன்சர் சூட்டில் அது தீப்பிடிக்கும் திரவம் என்பதால் கையில் தீயணைப்பான் இல்லாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் ஏர் ஃப்ளோ சென்சார் கிடையாது. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுகிறார்கள். அந்த வண்டியில் மேனிஃபோல்டில் விரிசல் விழுந்தால் திருட்டுக் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். டிரிம் பெரிதாக மாறாது, ஐடிலிங் மட்டும் ஏறி நிற்கும். ஒரே விரிசல் இரண்டு வண்டியில் இரண்டு விதமாகப் பேசும். எந்த முறையில் காற்றை அளக்கிறது என்று தெரியாமல் டிரிமைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சென்சாரே கெட்டதா, ஒயர் கெட்டதா என்று பிரித்தறிய இன்னொரு சோதனை இருக்கிறது. செலவே இல்லாதது, பார்ப்பவருக்கு உடனே புரிவது. கூலண்ட் வெப்பநிலை சென்சாருக்குப் பொதுவாக இரண்டே ஒயர்தான். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பி0118 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தம் மேலே போய்விட்டது, அதாவது எங்கோ சுற்று அறுந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. ஸ்கேனர் திரையில் கூலண்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று நிற்கிறது. மதுரை வெயிலில் மைனஸ் 40. இப்போது பிளக்கைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்தால், திரையில் வெப்பம் ஒரே தாவலாக நூறைத் தாண்டி ஏற வேண்டும். ஏறினால் ஒயரும் கம்ப்யூட்டரும் நலம், சென்சார்தான் கெட்டது, தைரியமாக மாற்றலாம். மைனஸ் 40 அசையவில்லை என்றால் எத்தனை புது சென்சார் போட்டாலும் பலனில்லை. ஒயரைத் தொடர்ந்து போக வேண்டும், பெரும்பாலும் ஏதோ ஒரு பிளக்கில் பச்சை பூத்த முனையிலோ எலி கடித்த இடத்திலோ போய் நிற்போம். இரண்டு ஒயர் சென்சாருக்கு மட்டுமே இந்தச் சோதனை. மூன்று ஒயர் உள்ளவற்றில் இப்படி இணைத்தால் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம்.

எலியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இரவில் சூடான இன்ஜினுக்குள் ஏறிப் படுத்து ஒயரைக் கடிப்பது நம் ஊரில் அன்றாடம் நடப்பது. மழை வெள்ளமும் அப்படித்தான். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்களைப் போல, தண்ணீர் வடிந்தபின் ஓடத் தொடங்கும் வண்டியிலும் பிளக் முனைகளில் பூஞ்சாணம் போலப் படியும் அரிப்பு மாதங்கள் கழித்தும் வேலையைக் காட்டும். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு குறியீடு வராது, ஏழெட்டு ஒன்றாக வரும். ஏழு சென்சார் ஒரே நாளில் சாவதில்லை. அந்த ஏழுக்கும் பொதுவானது எது என்று கேட்க வேண்டும்: ஐந்து வோல்ட் சப்ளையா, எர்த் ஒயரா, ஃபியூஸா? இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி. இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை என்று பொதுவாக இருக்க வேண்டும். சோர்ந்த பேட்டரி இல்லாத நோயை எல்லாம் காட்டும். ஸ்கேனரே உயிர் பெறாவிட்டால் சிகரெட் லைட்டர் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இரண்டுக்கும் அதே ஃபியூஸ்தான்.

விளக்கு நின்று எரிவதற்கும் சிமிட்டுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது, இதை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்ஜினின் கிராங்க் சக்கரத்தில் இருக்கும் பற்களை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டிருக்கிறது. பல கார்களில் அறுபது பல்லுக்கான இடத்தில் இரண்டை விட்டுவிட்டு ஐம்பத்தெட்டுதான் வைத்திருப்பார்கள். அந்த இடைவெளியே அடையாளம். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது சக்கரம் ஒரு துளி வேகமெடுக்கிறது. எந்தச் சிலிண்டரின் முறை வந்தபோது அந்த உந்துதல் வரவில்லை என்பதை வைத்து மிஸ்ஃபயரைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சருக்குள் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து, அதன் உள்ளே இருக்கும் தேன்கூட்டை உருக்கிவிடும். அந்த அளவுக்கு மிஸ்ஸிங் கூடியதும் விளக்கு சிமிட்டும். அப்போது வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவதுதான் சரி. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டக் கூடாது.

பி0301 என்று வந்தால், முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை முதலில் போட்டு, வண்டியை ஓட்டிப் பார்ப்பது பழைய, நல்ல வழி. குறியீடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் அடுத்தது ஸ்பார்க் பிளக், பிறகு இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன். கேஸில் ஓடும் வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து வால்வு இடைவெளி குறைந்திருக்கவும் கூடும் என்பதால் கம்ப்ரஷனைத் தள்ளிப்போடக் கூடாது. சில நேரம் பிழை ஒரு வண்டியில் இல்லாமல் தயாரிப்பிலேயே இருக்கும். 2001 முதல் 2003 வரை வந்த ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் காயில்கள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. 2003 தொடக்கத்தில் கம்பெனி முன்வந்து அமெரிக்காவில் அவற்றை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு காயில் போனதும் எல்லாவற்றையும் மாற்றுவது அந்த வண்டிகளில் வீண்செலவு அல்ல.

பி0420தான் எல்லாவற்றிலும் அதிகமாகப் பணம் பிடுங்கும் குறியீடு. ‘கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது’ என்று ஸ்கேனர் சொல்லும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம் அது, விலை கையைக் கடிக்கும். சென்னையையும் சேர்த்து நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயமில்லாத பெட்ரோலும் அதே நேரத்தில்தான் வந்தது. கன்வர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பதன் மின்னழுத்தம் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஊசலாடும். நல்ல கன்வர்ட்டர் ஆக்சிஜனைச் சேமித்து வைத்துக்கொள்வதால் பின்னால் இருப்பது அசையாமல் கிடக்கும். பின்னால் இருப்பதும் முன்னால் இருப்பதைப் போலவே ஆடத் தொடங்கினால் பி0420. ஆனால் கன்வர்ட்டர் தானாகச் சாவது அரிது. சில மாதங்களாகக் கவனிக்காமல் விட்ட மிஸ்ஸிங், ஆயில் குடிக்கும் இன்ஜின், கூலண்ட் கசியும் ஹெட் கேஸ்கெட் என்று ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புது கன்வர்ட்டரைப் பொருத்தினால், புதியதையும் அது கொல்லும். சைலன்சர் இணைப்பில் சின்ன ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் இதே குறியீடு வரும் என்பதால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இணைப்புகளை.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று நேரடியாகக் குறியீட்டைக் கொண்டுவருகிறது. ‘நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?’ என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. வண்டி சூடாகிறது என்ற புகாருக்கு அதுவே மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. பிறகு பி0128 வருகிறது: இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவில்லை. சூடேறாத இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது, மைலேஜ் விழுகிறது, ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது. கழற்றிய பாகத்தைத் திரும்பப் போடுவதோடு, வண்டி ஏன் சூடானது என்ற முதல் கேள்விக்கும் போக வேண்டும். ரேடியேட்டர் அடைப்பா, ஃபேனா, வாட்டர் பம்பா?

பிஎஸ்-6 டீசல் காரில் பி2463 அடிக்கடி பார்க்கக் கிடைக்கும். புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் நிறைந்துவிட்டது என்று பொருள். அந்தக் கரியை ஏறத்தாழ 600 டிகிரியில் எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, வண்டி நிற்காமல் சிறிது நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. பாதியில் நின்றுபோன சுத்திகரிப்புகளால் ஆயிலில் டீசல் கலந்து ஆயில் மட்டம் ஏறும். டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருப்பது நல்ல செய்தி அல்ல. டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு மென்பொருளை ஏமாற்றித் தருகிறோம் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. அதைவிட, அந்தக் கரி போய்ச் சேருமிடம் தெருவில் நிற்கும் குழந்தைகளின் நுரையீரல். ஹாகன்-ஸ்மிட் தொடங்கிய வேலைக்கு நேர் எதிரான வேலை இது.

கம்ப்யூட்டரே கெட்டிருக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். 2005 முதல் 2008 வரையிலான கொரோலா, மேட்ரிக்ஸ் கார்களின் இன்ஜின் கம்ப்யூட்டரில் சால்டர் இணைப்புகள் விரிசல் விடக்கூடும் என்று 2010 ஆகஸ்டில் டொயோட்டா அமெரிக்காவில் மட்டும் சுமார் 11.3 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. விளக்கு எரியும், கியர் முரட்டுத்தனமாக விழும், சில வண்டிகள் ஓடும்போதே நின்றுவிடும். ஆனாலும், சப்ளையும் எர்த்தும் ஒயரும் பார்த்து முடிந்த பிறகுதான் அந்தச் சந்தேகத்துக்கு இடம்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் நேரம் வேண்டும், தகவலும் வேண்டும். ஒயரிங் வரைபடம் இல்லாமல், கம்பெனி தனக்கென வைத்திருக்கும் குறியீடுகளின் பொருள் தெரியாமல், தெருமுனை மெக்கானிக் எப்படி அளப்பார்? இதே கேள்வி 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையத்தின் தீர்ப்பில் பேசப்பட்டது. உதிரிப்பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். அது மேல்முறையீடுகளுக்குப் போனது தனிக் கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்களே வாக்களித்து, சோதனைத் தகவலைக் கம்பெனிகள் வெளியாருக்கும் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு தளம் தொடங்கியது, அதில் வாகனமும் ஒரு துறை. தகவல் திறந்தால் நல்ல மெக்கானிக்குகள் பிழைப்பார்கள்.

உரிமையாளர்களும் ஒன்று செய்யலாம். ‘பார்த்துச் சொல்றதுக்கு எதுக்குக் காசு?’ என்று கேட்பதை நிறுத்தலாம். அளந்து பார்ப்பதற்குக் கூலி கிடைக்காத ஒர்க்‌ஷாப், பாகம் மாற்றித்தான் அந்தக் கூலியை எடுக்க முடியும். ஒரு மணி நேரம் மீட்டரும் கையுமாக நின்றவருக்குக் கொடுக்கும் தொகை, தேவையில்லாமல் மாற்றிய ஒரு சென்சாரின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. பணம் கொடுக்கும்போது கேட்கவும் உரிமை வருகிறது: ஃப்ரீஸ் ஃப்ரேமில் என்ன இருந்தது, எதை அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது?

கடைசியாக, பழுது தீர்ந்ததா என்று எப்படி அறிவது? விளக்கு அணைந்திருப்பது ஆதாரமல்ல. பேட்டரி முனையைக் கழற்றி மாட்டினாலே பல வண்டிகளில் விளக்கு அணைந்துவிடும். அப்படி அழித்ததும், கம்ப்யூட்டர் அதுவரை முடித்திருந்த சோதனைகள் எல்லாம் ‘இன்னும் முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் குறியீட்டை அழித்துவிட்டுப் போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே 2010 மாடலையொட்டி வந்த கார்களிலிருந்து, ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் குறியீடும் வந்துவிட்டது. அதே சோதனையைக் கம்ப்யூட்டரே மறுபடி நடத்தித் தேறினால்தான் அது போகும். அழிக்காமல் பழுதை மட்டும் சரிசெய்தால், பொதுவாக மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பின் விளக்கு தானே அணையும். குறியீடு நினைவிலிருந்து மறைய நாற்பது முறை இன்ஜின் குளிர்ந்து சூடாக வேண்டும்.

ஆகவே பி0171 வந்த அந்த வண்டிக்கு, ரப்பர் ஹோஸை மாற்றியபின் இரண்டு மூன்று நாள் ஓட்டம் வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஒரு தொடக்கம், ஊருக்குள் கொஞ்சம், பைபாஸில் ஒரே சீரான வேகத்தில் கொஞ்சம். பிறகு ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் நீண்டகால டிரிம் பத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும், நிலுவையில் குறியீடு எதுவும் இருக்கக் கூடாது, எரிபொருள் முறைக்கும் கன்வர்ட்டருக்குமான சோதனைகள் ‘முடிந்தது’ என்று காட்ட வேண்டும். பில்லைக் கட்டுவதற்கு முன் இந்த மூன்றையும் அந்தத் திரையிலேயே காட்டச் சொல்லிக் கேட்கலாம். நல்ல மெக்கானிக் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவார்.